தெளிந்த தண்ணீர்

8 ஜூலை

நவமணிக்கு,

வேண்டிய மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. வீட்டில் நலமா என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. ஆனாலும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். உங்கள் தோட்டத்து ஆற்றில் நீ குடத்தோடு நிற்கிறாய். வருடக்கணக்காகச் சேறாக ஓடிய ஆறு, அடிக்கல் தெரியத் தெளிந்திருக்கிறது. ‘ஆத்தா கண்ணத் தொறந்துட்டா லா’ என்று கீழே போட்டிருக்கிறாய். இன்னும் பன்னிரண்டு நாளில் ஆடித் திருவிழா. ஆற்று நீர் நிறைத்துக் கரகம் பாலிப்பதும் அங்கே, அன்னதானத்துக்கு உலை வைப்பதும் அந்தத் தண்ணீரில்தானாம்.

அந்தப் படத்தில் ஒரு மீன்கூட இல்லை. கல்லெல்லாம் துரு நிறம். நீ பார்த்தாயா?

ஆற்றுக்கு மேலே இருக்கும் ஈயச் சுரங்கத்தில், அரைத்த தாதுவில் என்னென்ன இருக்கிறது என்று தினமும் அளப்பது என் வேலை. பிப்ரவரியில் எண்கள் மாறின. முதலில் கந்தகம் ஏறியது, பின்னாலேயே ஆர்செனிக். பாஷாணம் என்பார்களே, அதுதான். ஆழம் போகப் போக வேறு தாது வந்துவிட்டது. அதன் கழிவில் காற்றும் மழையும் பட்டால் கழிவுக் குட்டைத் தண்ணீர் அமிலமாகும். அது வழிந்து உங்கள் ஆற்றில் கலக்கிறது. அமிலம் சேற்றை அடியில் படிய வைக்கும். தண்ணீர் கண்ணாடிபோல் ஆகும். விஷம் அதிலேயே இருக்கும்.

அறிக்கை கொடுத்தேன். மேனேஜர் ராட்னி நான் வேலை பழக்கியவன், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். “அண்ணே, மெஷினுக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு லா” என்று சிரித்தான். மறுவாரமே, எண்கள் வெளியே தெரியாதபடி, மாதிரி எடுக்கும் இடத்தை மாற்றிவிட்டான். அவனாக அகப்படட்டும் என்று ஐந்து மாதம் காத்திருந்தேன். கீழே யார் குடிக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

உன் மகள் சாந்தினி பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். அவளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். காய்ச்சினாலும் போகாது. அவள் கல்யாணப் பத்திரிகை கார்த்திகேசுவுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நான் மறக்கவில்லை. ‘லாரி ஓட்டுறவனுக்கா என் தங்கச்சி’ என்று உன் கல்யாணப் பந்தலில் நான் கேட்டதை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு பித்தளைச் செம்பை அந்த ஆற்றில் ஒரு நாள் போட்டு வை. புளி போட்டுத் துலக்கியதுபோல் பளபளக்கும். அதையும் அதிசயம் என்று கும்பிட்டுவிடாதே.

அளவுத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் உடையப்பனிடம் கொடு. சுகாதார இலாகாவில் சேர்க்கட்டும். திருவிழாவுக்குக் குழாய்த் தண்ணீரில் உலை வையுங்கள். சாந்தினி பிள்ளையை நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும்.

பெயர் போடவில்லை. ராட்னிக்குப் பயந்து அல்ல. தாளைப் பார்த்தாலே அவனுக்குத் தெரிந்துவிடும். உறையில் என் பெயரையோ கையெழுத்தையோ பார்த்தால் நீ பிரிக்காமலே கிழித்துவிடுவாய். அதனால்தான் முகவரியைக்கூடத் தட்டச்சு செய்தேன். இப்படியே, பெயரில்லாமல், தபாலில் சேர்க்கிறேன்.