வெயிட்

ஆடி 5, இரவு

இன்று பிளஸ் டூ வகுப்பில் ‘வெயிட்’ என்ற வினைச்சொல்லின் பழங்கதையைச் சொன்னேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்; அந்தக் காலத்தில் கண்விழித்துக் காவல் காப்பது என்றுதான் அர்த்தம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

ஐந்தருவியில் மாலை வெள்ளம். அங்கே யாரையும் குளிக்க விடாமல் பாதுகாப்புக்கு நின்ற என் வீட்டுக்காரர், நனைந்த காக்கியோடு இப்போதுதான் வந்தார்.

“எண்ணெய் தேச்சுட்டு எவ்வளவு நேரம் வெயிட் பண்ணுததுன்னு ஒருத்தன் என் சட்டையப் பிடிச்சுட்டான். அந்நேரம் பாத்துத் தண்ணி மரத்தோட எறங்குச்சு.”

சோறு போட்டேன்.

“நீ சாப்ட்டுட்டுப் படுத்திருக்கலாம்லா? சும்மா ஏன் வெயிட் பண்ணுத?”

சும்மா இல்லை என்று நான் சொல்வதற்குள், தட்டின் முன்னாலேயே கண்ணயர்ந்துவிட்டார். கழுத்திலிருந்த விசிலை மெல்லக் கழற்றினேன்.

இனி என் டூட்டி.