கற்றையை அகலமாக்கிய நாள்

செவ்வாய், இரவு.

திருச்சி ஆய்வகத்திலிருந்து கீரனூர் வந்து சேர்ந்தும் மனம் அடங்கவில்லை. நுண்ணிய வரிகள் கீறிய கிரேட்டிங் தகட்டின் மேல் இன்று லேசர் கற்றையை அகலமாக்கி விழவைத்தேன். இதுவரை பாதிகூடத் திரும்பாத ஒளி ஏறக்குறைய முழுவதும் பிரதிபலித்தது.

"தகட்டுல கோளாறு இல்லக்கா, கற்றைதான் ரொம்பக் குறுகல்" என்று என்னோடு ஆய்வு செய்த மலர் அன்றே சொன்னாள். எங்கள் வழிகாட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மலர் ஆய்வை விட்டுவிட்டுக் கணவரோடு துபாய் போய்விட்டாள்.

போனில் அவளிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தாள்.

"கட்டுரையில ஒன் பேரைத்தான் மொதல்ல போடப்போறேன்" என்றேன்.



"போடுங்கக்கா. எனக்கு மட்டும் அனுப்பாதீங்க. பாத்தா திரும்பி வந்துருவேன்."

வா என்று சொல்லியிருக்கலாம். "சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டேன்.