பலகை முடிந்த இடம்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பொடியனும் சுகமாக, கால் நனையாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு இதை எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கிறதே என்று பார்க்காதே. வழக்கமாக நான் சொல்லச் சொல்ல உன் சித்திதான் எழுதுவாள், பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் எழுதிய கை, முத்து முத்தாக இருக்கும். உன் சித்தப்பா போய் ஆறு வருஷம், அவள் நம்மோடு வந்து ஆறு வருஷம், இத்தனை நாளில் என் கடிதம் ஒன்றுகூட அவள் கை படாமல் போனதில்லை. ஆனால் இதை அவளிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. ஏன் என்று போகப் போகத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், தெருவுக்கே கேட்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் வாங்கப்போவதாக அனுப்பிய வீட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்கி அத்தனை வீட்டிலும் காட்டிவிட்டாள், அதற்கு மட்டும் வலி இல்லை. ஜன்னலைத் திறந்தால் ஆறு, பின்வாசலில் இறங்கினால் ஆறு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். மாப்பிள்ளைக்குக் காலையில் ஆற்றைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டுமாம், குடிக்கட்டும், ஆறு நம்மைப் பார்க்க வராதவரை நல்லதுதான். அவர் அனுப்பிய காகிதங்களைச் சித்தி கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஊர் எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் எண் எல்லா ஊரிலும் எண்தான். நாற்பது வருஷத்தில் ஆறு தொட்ட அதிக உயரம் நாலரை மீட்டர், வீட்டின் தளம் ஐந்து மீட்டர் பத்து, இன்னும் அறுபது சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது, மாமா கவலையே படவேண்டாம் என்று அவர் ஓரத்தில் எழுதியிருந்தார். நான் மிச்சத்தைப் பார்க்கவில்லை, வருஷா வருஷம் ஆறு ஏறிய உயரத்தின் பட்டியலைப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் ஆற்றங்கரையில் நின்று அளவுப் பலகையைப் படித்து எழுதியவன் நான், காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, மழை பிடித்தால் மணிக்கொரு தடவை. ஆற்றின் எண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 3.27 இருக்கும், 4.13 இருக்கும், 3.88 இருக்கும். உன் பட்டியலிலும் அப்படித்தான் இருக்கிறது, மூன்று இடத்தைத் தவிர. மூன்று வெவ்வேறு வருஷத்தில் பெரிய வெள்ளம் வந்திருக்கிறது, மூன்றுக்கும் 4.50 என்றே போட்டிருக்கிறது, முன்னே பின்னே ஒரு புள்ளி இல்லை. சிட்டு, எந்த ஆறும் மூன்று தடவை வந்து ஒரே இடத்தில் நிற்காது. பலகை அங்கே முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு போனது என்று படிக்க அங்கே எண் இல்லை, நின்றவன் கடைசி எண்ணை எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். படித்த எஞ்சினியர் கண்ணுக்குக்கூட இது படாமல் போகலாம். எனக்குப் பட்டதற்குக் காரணம், நானும் அப்படி எழுதியவன்.

நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது வந்த வெள்ளம் உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் பத்து நாள் லீவு என்று குதித்தாயே. அன்று பகல் பதினொரு மணிக்கு என் பலகை முழுகியது. ஏழு மீட்டர் பலகை. அலுவலகத்துக்கு ஓடி மேலதிகாரியிடம், சார் பலகைக்கு மேல போயிருச்சு, என்னன்னு எழுதட்டும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன முழம் என்ன, ஏழுன்னு போட்டுட்டுப் போங்க என்றார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஏழு என்று போட்டேன். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால், பலகையின் உச்சி மட்டத்தில் தரை போட்ட பம்பு அறையில், ஜன்னலின் மேல்விளிம்பில் சேற்றுக்கோடு நின்றது, என் ஆள் உயரத்துக்கும் மேலே. ஒரு டேப்பைப் பிடித்து அளந்து எழுதினால் இரண்டு நிமிஷ வேலை. யாரும் கேட்கவில்லை, நானும் செய்யவில்லை. அடுத்த மழையில் கோடு கழுவிப் போயிற்று, பதிவேட்டில் ஏழு மட்டும் நின்றுவிட்டது. வருஷா வருஷம் அதைப் பார்த்துப் பார்த்து எழுதி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. அந்த எண்ணை நம்பித்தான் பலகையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீட்டு மனை போட அனுமதி கொடுத்தார்கள்.

அங்கேதான் உன் சித்தப்பா வீடு கட்டினான். மனை வாங்குவதற்கு முன்னால் என்னிடம் வந்து, அண்ணே நீ எழுதின கணக்குதானே, எதுவரைக்கும் வரும்னு சொல்லு, அதுக்கு மேல அரை மீட்டர் தூக்கிக் கட்டிக்கறேன் என்று கேட்டான். அந்த நிமிஷம் பம்பு அறை ஜன்னல் என் கண்முன் வந்தது, உன்னிடம் மறைக்கமாட்டேன். சொன்னால் நான் எழுதியது தப்பு என்று ஆகும், இத்தனை வருஷம் எடுத்த நல்ல பெயர் போகும், தவிர அவ்வளவு வெள்ளம் நம் ஆயுசில் இன்னொரு தடவை எங்கே வரப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழு என்றேன். அதோடாவது விட்டேனா, கொத்தனாரிடம் மட்டக்குழாய் வாங்கிக்கொண்டு போய் அவன் வாசல் தூணில் ஏழு மீட்டர் எங்கே வரும் என்று பார்த்து என் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டி, எங்க அண்ணன் கிழிச்ச கோட்டை ஆறுகூடத் தாண்டாது என்பான்.

தாண்டிய அன்று நீ அங்கே புதிதாக வேலையில் சேர்ந்திருந்தாய், வரமுடியவில்லை, நீ பார்க்காததும் நல்லதற்குத்தான். அக்கம்பக்கம் எல்லோரும் காலையிலேயே மேட்டுத்தெருப் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட்டார்கள். சித்தி வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டாள். அவன் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டைத் தொட்டிருச்சு, இனிமே இறங்கிடும், நீ பயப்படாதே என்று மத்தியானம் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். அண்ணன்மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று இன்றைக்கும் அவள் சொல்லுவாள், சொல்லிவிட்டு எழுந்துபோய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அதை நான் குடிப்பேன். அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, உன் அம்மாவுக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவன் எனக்கும் போன் செய்தான். அண்ணே, கோட்டுக்கு மேல நாலு விரல் ஏறிருச்சு, இன்னும் ஏறுமா என்று கேட்டான். எதுக்கும் கிளம்பி வந்துடு என்றேன். இதுக்கு மேல வராதுன்னு நீதானே சொன்ன, இப்ப என்ன பயமுறுத்தற என்று சிரித்தான். நான் எழுதினது பொய்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எழுந்து நடந்திருப்பான், தண்ணீர் அப்போது முழங்கால்தான். அதைச் சொல்லாமல், சரி, பாத்துக்கோ என்றேன். அதற்குமேல் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவனைக் கொண்டுவந்தார்கள். இதுவரை காணாத வெள்ளம் என்று பேப்பரில் போட்டான், உனக்கும் நான் அப்படியே சொன்னேன். காரியமெல்லாம் முடிந்தபின் தனியாகப் போய்ப் பம்பு அறையைப் பார்த்தேன். சேற்றுக்கோடு ஜன்னலின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே இருந்தது. முன்பு வந்ததைவிடக் குறைவு, சிட்டு. சாண் என்ன முழம் என்ன என்று அன்றைக்குச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

மாத முடிவில் கையெழுத்து என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை போனில் தள்ளிப்போடு என்று மட்டும் சொன்னேன், காரணம் இப்போது புரிந்திருக்கும். அந்த ஆற்றில் பலகை எங்கே நட்டிருக்கிறது என்று கேட்டு நீயே நேரில் போய் அதன் உச்சியில் என்ன எண் இருக்கிறது என்று பார். நாலரை என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. விற்கிறவரிடம் கேட்காதே, அவர் விற்கத்தான் பேசுவார், அந்தத் தெருவில் பல வருஷம் நடந்த தபால்காரரைக் கேள். பக்கத்து வீடுகளில் மின்சாரப் பெட்டியை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பார், ஒருவன் தன் தலைக்கு மேல் மாட்டியிருந்தால் சும்மா மாட்டியிருக்கமாட்டான். காப்பீடு இருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை, காப்பீடு சுவரைக் கட்டித்தரும். பொடியனுக்கு என்று நீ ஒதுக்கியிருக்கும் அறை தளத்துக்கு ஐந்து படி கீழே, ஆற்றைப் பார்த்து இருக்கிறது. அந்தப் படத்தை மட்டும் நான் மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

என்மேல் கோபப்படு, பேசாமலும் இரு, உனக்கு அந்த உரிமை உண்டு. அந்த ஊர் எழுத்தில் முகவரி எழுத எனக்கு வராது, அதற்குச் சித்தியிடம்தான் போகவேண்டும். பிறத்தியார் கடிதத்தைப் பிரிக்கிறவள் இல்லை அவள். அதனால் உறையை ஒட்டாமல், முதலில் நீ படி என்று சொல்லித்தான் கொடுக்கப்போகிறேன். இது உன் கைக்கு வந்தால் அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள். நீங்கள் மூவரும் மேடான இடத்தில் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். பொடியனுக்கு என் முத்தம். பலகையின் உச்சி எண்ணைப் பார்க்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

சிட்டு, சித்தி எழுதுகிறேன். படித்தேன். உறையை ஒட்ட இரண்டு நாள் ஆயிற்று. உன் அப்பா தண்ணீர் கேட்டால் இப்போது உன் அம்மாதான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அந்த வீடு வேண்டாம் கண்ணு.