யெப்தாவின் மகளுக்கு முடியில்லை

வெனிஸ், 20 ஜனவரி 1743

அன்புள்ள லுக்ரேசியாவுக்கு,

நலம். கன்னிமடத்துக்கான பெரிய எண்ணெய்ச் சாயப் படத்தைத் தொடங்கிவிட்டேன். போரில் ஜெயித்தால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலி கொடுப்பதாக நேர்ந்துகொண்டானே யெப்தா, அவன் கதை. மகளே எதிரே வருகிறாள். அவளுக்கு நம் மகள் ஓர்செத்தாவின் முகம். மாதிரிப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஓர்செத்தாவை நேரில் பார்க்க மடத்துத் தாயார் ஆசைப்படுகிறார்.

உன் அல்வீசே


கியோஜா, 28 ஜனவரி

அன்புள்ள கணவருக்கு,

படத்தைப் பார்த்ததிலிருந்து உங்கள் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். மூக்கில் மட்டும் மாமா கருணை காட்டியிருக்கிறார் என்று அவளுக்கு நிச்சயித்த தோனின் சொல்லி, அவளிடம் குத்து வாங்கினான். ஈஸ்டர் முடிந்து கல்யாணம், இப்போதே இந்தக் கூத்து.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். படத்தில் அவள் முடியை ஏன் ஒட்ட வெட்டியிருக்கிறீர்கள்? வேதத்தில் அப்படி இல்லை என்று பாதிரியாரும் சொல்கிறார். என் தங்கையை மடத்தில் சேர்த்த அன்று, வெட்டிய முடியைத் துணியில் ஏந்தியவள் நான். மழுப்பாமல் எழுதுங்கள்.

லுக்ரேசியா


வெனிஸ், 5 பிப்ரவரி

லுக்ரேசியா,

மனதில் இருந்ததைக் கை வரைந்துவிட்டது. நவம்பர் காய்ச்சலில் நான் பிழைக்க மாட்டேன் என்று பாதிரியார் கடைசி எண்ணெய் பூசினாரே, அன்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். பிழைத்தால் ஓர்செத்தா மடத்துக்கு. பிழைத்துவிட்டேன். வாக்குத் தவறினால் அந்தக் காய்ச்சல் திரும்பி வரும். நான் செத்துவிடுவேன்.

தோனினிடம் நீயே சொல்லிவிடு. மார்ச் மூன்றாம் தேதி வந்து அவளை அழைத்துப் போகிறேன். அதுவரை அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அல்வீசே


கியோஜா, 25 பிப்ரவரி

அன்புள்ள கணவருக்கு,

அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "சாகக் கெடந்தது அவரு, நேர்ந்துக்கிட்டதும் அவரு. நடுவுல நான் எங்கம்மா வந்தேன்?" என்றாள். அதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பாக இருவர் பெயர்களையும் வாசித்தார்கள். தவக்காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால், அது தொடங்குமுன் இன்று காலை கல்யாணத்தை முடித்துவிட்டேன். தோனினின் வீட்டில் இருக்கிறாள்.

உங்களுக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டதென்று படகோட்டி நேற்றே சொன்னான். ராத்திரி முழுக்க அழுதேன். தெரிந்த பிறகுதான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

உங்களைப் பார்த்துக்கொள்ள நாளைப் படகில் வருகிறேன். நான் மட்டும்தான் வருவேன்.

லுக்ரேசியா