அனுப்பாமல் விட்ட குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் டீம் லீடர் கலைவாணன் அண்ணன் புது வேலை கொடுத்தார். எங்கள் ரிவ்யூ சிஸ்டத்தில் குப்பை சேர்ந்துவிட்டதாம். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்துக் குறை எழுதுவார். எழுதிவிட்டு ‘அனுப்பு’ அழுத்தாவிட்டால் டிராஃப்ட்டாகவே கிடக்கும். எழுதியவரைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலை முடிந்த பிறகும் பதினோராயிரம் டிராஃப்ட் மிச்சம். அழிக்க வேண்டும்; அதற்காக எல்லார் டிராஃப்ட்டையும் பார்க்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்.

ஜூன் 4

அழிப்பதற்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட், முடியாத வேலைகளின் டிராஃப்ட்டையும் சேர்த்து அள்ளிவிட்டது. நல்லவேளை, நகலில்தான் ஓட்டிப் பார்த்தேன். இனி கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ஒரு டிராஃப்ட்டை நான்கு முறை படித்தேன்.

ஆஸ்பத்திரி டோக்கன் புரோகிராம். என்னோடு வேலை பார்த்த தேன்மொழி எழுதியது. அது ஒருநாள் முழுக்க நின்றுபோனதால்தான் போன மாதம் அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதில் அண்ணனின் டிராஃப்ட் ஒன்று: “தேதி மாறும்போது இது நின்றுவிடும். சரிசெய்.” கோளாறுக்கு இரண்டு நாள் முன்னால் எழுதியது. அனுப்பவில்லை. ஒப்புதல் மட்டும் கொடுத்திருக்கிறார்.

மீட்டிங்கில் என்ன சொன்னார்? “எவ்வளவோ சொன்னேங்க, அந்தப் பொண்ணு கேக்கல.” நானும் நம்பினேனே. அவள் போனைக்கூட எடுக்காமல் இருந்தேனே — சீ.

ஜூன் 6

அண்ணனிடமே கேட்டுவிட்டேன்.

“அனுப்பிட்டேன்னுதான்பா நெனச்சேன். அப்புறந்தான் பாத்தேன்.”

“எப்பங்ணா பாத்தீங்க?”

“அவ போறதுக்கு மொத நாளு.”

தெரிந்தே!

“அவளுக்கு வேற எடம் கெடைக்கும். எனக்கு ரெண்டு புள்ளைங்க. நானே அழிச்சா எம் பேரு பதிவாகிடும், அதான் உன் கையில குடுத்தேன். நம்ம ஊருப் பையன், புரிஞ்சுக்குவன்னு.”

நம்ம ஊரா? நான் நல்லம்பள்ளின்னா அவ ஏரியூரு. ரெண்டும் ஒரே ஜில்லாதானே, அப்ப அவ எந்த ஊராம்? கிராமத்துப் பொண்ணுங்களுக்கு வேலை குடுக்கறோம்னு ஆபீஸ் தொறந்தன்னைக்கு மைக்ல பேசுனது இதே வாய்தானே? என்னைத் தொடைக்கிற துணியா வெச்சிருக்கான்.

ஜூன் 7

அழிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

அந்த ஒன்றைப் படமெடுத்து பெங்களூர் மேனேஜர் சுசித்ராவுக்கு அனுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “அடுத்தவர் டிராஃப்ட்டை வெளியே எடுக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?”

ஜூன் 13, வெள்ளி

தேன்மொழி போன் செய்தாள்.

“திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்கடா! அந்தாளு இருக்கானா?”

“இருக்காரு. அதே கேபின்லதான்.”

“இருக்கட்டும், பாத்துக்கறேன். எனக்கு உக்கார எடம் இருக்காடா?”

ஜன்னலோரம் என் இடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அங்கே ஃபேன் நன்றாக ஓடும். டிராயரை மதியமே காலி செய்து, அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.