கீழ்த்தட்டில் இரையும் பெட்டி

மார்ச் 2

அன்புள்ள இன்ஜினியருக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது, இனி கடிதத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வக்கீல் நான், தீர்ப்பு அவளுடையது. அவள் வீட்டில் நலமாகத்தான் இருக்கிறேன். இந்த ஊர் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை தருகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் இங்கேயே தனி வீடும் பார்த்துவிடுவேன்.

அதற்கு முன் ஒரு புகார். நம் வீட்டுப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் சினிமாக்களைச் சேர்த்து வைத்திருக்கிறீர்களே சர்வர் என்று ஒரு பெட்டி, அதிலிருக்கும் படங்களை இன்டர்நெட் வழியாக இங்கே டேப்லெட்டில் பார்த்தால், கதாநாயகன் வாயைத் திறந்ததும் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. உங்களிடம் பேசுவது போலவே இருக்கிறது.

இப்படிக்கு,
எதிர்த்தரப்பு


மார்ச் 6

வக்கீலம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படங்கள் புது முறையில் சுருக்கி வைத்தவை. உன் டேப்லெட் பழசு. அதற்கு அந்த முறை புரியாது. புரிகிற கருவி என்றால் சர்வர் படத்தை அப்படியே அனுப்பிவிடும், அதற்கு வேலையே இல்லை. உனக்கு மட்டும் படத்தை விரித்து, பழைய முறைக்கு மாற்றி, சில விநாடித் துண்டுகளாக அனுப்புகிறது. டிரான்ஸ்கோடிங் என்பார்கள். பார்க்கும் வேகத்துக்கு மாற்றும் வேகம் ஈடுகொடுக்காவிட்டால் வட்டம் சுற்றும். சர்வர் சூடேறி அதன் ஃபேன் இரையும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துப் பார். இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்ய, சர்வருக்குள் மாட்டும் கார்டு ஒன்று வாங்கினேன். இன்னும் மாட்டவில்லை.

மற்றபடி ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
நான்


மார்ச் 11

அன்புள்ள 'நான்' அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா, "இந்த மனுஷன் லெட்டர் எழுதினாரா, ரிப்பேர் பில் எழுதினாரா?" என்றாள்.

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். புரியாதவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். புரியவைக்கிறவர்தான் கொதிக்க வேண்டும். யார் எது கேட்டாலும் நீங்கள் சொல்லும் அந்த ஒற்றை 'ம்'மை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நான் செய்த வேலைக்கு இப்போதுதான் பெயர் தெரிகிறது. உங்கள் தங்கைக்கு அது, "ரொம்ப சந்தோஷம்மா, அவசியம் வர்றோம்." என் அம்மாவுக்கு, "மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேக்கறார்." பிளம்பருக்கு, "நாளைக்கு வாங்க." எனக்கு மட்டும் அது 'ம்'மாகவே வந்து சேர்ந்தது. நான் இரைந்ததைச் சண்டை என்றீர்கள்.

கார்டை ஏன் மாட்டவில்லை?

இப்படிக்கு,
பழைய டிரான்ஸ்கோடர்


மார்ச் 16

அன்புள்ள உனக்கு,

மாட்டினால் ஃபேன் இரையாது. நான் பார்க்கும் டிவிக்கு மாற்றம் தேவையில்லை. அதனால் ஃபேன் இரைந்தால், நீ எங்கோ உட்கார்ந்து படம் பார்க்கிறாய் என்று அர்த்தம். நானும் அலமாரி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

குழாய் ஒழுகியது. பிளம்பரிடம் நானே பேசினேன். "அம்மா ஊர்ல இல்லையா சார்?" என்றார். 'ம்' என்று வந்ததை நிறுத்தி, "இல்லீங்க. அவங்க இல்லாம எனக்கு இங்க இருக்கப் பிடிக்கல" என்றேன். மனிதர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

அவரிடம் சொன்னதை மாற்றாமல் உனக்கும் அனுப்புகிறேன்.

உன்,
இன்ஜினியர்


மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா வீட்டு டிவி புதுசு. நேற்று சாயங்காலம் அதே படத்தை அதில் போட்டாள். ஒரு தடங்கலும் இல்லை. "இனிமே இதுலயே பாரேன்டி" என்றாள். நான் பாதியில் எழுந்து உள்ளே போய் டேப்லெட்டைத் திறந்தேன். வட்டம் நன்றாகச் சுற்றியது.

அலுவலகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன். அதுவரை ஃபேன் இரையட்டும். வந்த பிறகு கார்டை மாட்டிவிடுங்கள். ஹாலில் நாம் பேசுவது காதில் விழ வேண்டும்.

இப்படிக்கு,
தரப்பு மாறிய வக்கீல்