மொண்டு குடித்த தண்ணீர்

ஐயா,

இன்று காலை என் மகள் திண்டிவனம் சந்தையில் புதுப் பானை வாங்கி வந்தாள். முதல் தண்ணீர் ஊற்றியதும் மண் வாசனை எழும்பியது. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

அப்போது யுத்த காலம். நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியார், நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, நாற்காலியைக் காலியாக விட்டு, கடைசி பெஞ்சில் பையன்களோடு உட்காருவீர்கள். தத்துவ வகுப்பு என்பார்கள். எதற்கும் நீங்கள் விடை சொல்லி நான் கேட்டதில்லை. எதிர்த்துப் பேசுகிறவன், முதலில் அடுத்தவன் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். உங்கள் சட்டம் அது ஒன்றுதான்.

தாழ்வாரத்துத் தண்ணீர்ப் பானையை நான் தொடக்கூடாது. தாகமெடுத்தால் படிக்குக் கீழே குனிந்து கையேந்தி நிற்பேன், யாராவது வந்து ஊற்றும்வரை. ஒரு வெள்ளிக்கிழமை ரங்கநாதன் என்ற பையன் எழுந்து என் பேரைச் சொல்லிக் கேட்டான்.

"கன்னியப்பன் ஏன் சார் கையேந்திக்கினு நிக்கணும்?"

"எனக்குத் தெரியலை. பேசுங்க" என்றீர்கள்.

வாரக்கணக்கில் பேசினார்கள். ஜன்னலுக்கு வெளியே பெருக்கிக்கொண்டே கேட்டேன்.

"அந்தாளு தொட்டா தீட்டுடா."

"தொட்டா தீட்டுன்ற. சரிதானா? ஏரியில எருமை புரளுது. அதைத்தானே மொண்டு குடிக்கிற?"

"இதை எங்க அப்பாகிட்ட வந்து சொல்லு, தோலை உரிச்சிடுவாரு."

ஒரே சிரிப்பு. கடைசியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்து, என்னைத் தாழ்வாரத்தில் ஏற்றிக் குவளையைக் கொடுத்தார்கள். வகுப்பே சுற்றி நின்றது. மொண்டு குடித்தேன்.

திங்கட்கிழமை ஊர்ப் பெரியவர்கள் திரண்டு வந்தார்கள். பானை உடைந்தது. பையன்களிடம் 'அது தப்பு' என்று நீங்கள் சொல்லிவிட்டால் வேலை நிலைக்கும் என்றார்கள். நான்கூடக் கெஞ்சினேன்.

"சொல்லிட்டு இருந்துடுங்க ஐயா. நான் கையேந்தியே குடிச்சிக்கிறேன்."

"நான் கொடுத்த விடையா அது? அவங்க கண்டுபிடிச்சதை நான் எப்படித் திரும்ப வாங்கறது?"

ஸ்டேஷனுக்கு உங்கள் பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். விழுப்புரம் வண்டிக்குக் கைகாட்டி மரம் தாழ்ந்தபோது என் பக்கம் திரும்பினீர்கள். முகம் வாடியிருந்தது.

"இத்தனை நாள் உங்களைப் பத்தியே பேசினோம். உங்களை ஒரு வார்த்தை கேக்கலையே. நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பெட்டியை மறுபடி தூக்கினேன். வண்டி வந்துவிட்டது.

"யோசிச்சி வைங்க. வந்து கேக்கறேன்."

அடுத்த மழைக்காலத்தில், விழுப்புரத்தில் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று ரங்கநாதன் வந்து சொன்னான். பள்ளிக்குப் புதுப் பானை வந்தது. புது வாத்தியார் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பையன்கள் மறுபடி எனக்கு ஊற்றினார்கள். ரங்கநாதனும் ஊற்றினான். ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டான்.

யோசித்து வைத்திருக்கிறேன், ஐயா. அன்று மொண்ட தண்ணீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அத்தனை கண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: "நான் தண்ணி குடிக்கறப்போ யாரும் பாத்துக்கினு நிக்க வேணாங்க."

இதை எழுதி முடித்ததும் மகளைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்வேன். பானை பக்கத்திலேயே இருக்கிறது.